ஆட்டுக்குட்டி மலையும் இவரும்

12 மார்ச் 1995, ஞாயிறு

இங்கே வந்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். தபால்கந்தோருக்குத் தனியே போய்வரத் தெரியும். குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சொக்ஸ் போடலாம் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். மலையைத்தான் காணவில்லை. கடைசியில் இவரிடமே கேட்டேன்.

"நீங்கள் கடிதத்திலை எழுதின மலை எங்கை?"

இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார். "உதுதான்."

அதுவா! பத்தொன்பது நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதானே குப்பை கொட்டப் போகிறேன். அதை மலைக்கு முன்னால் கிடக்கும் ஏதோ ஒரு மேடு என்று நினைத்திருந்தேன். மலை அதற்குப் பின்னால், முகிலுக்குள் இருக்குமாக்கும் என்று பொறுமையாக இருந்தேன். பின்னால் தெரிகிற பெரிய பனிமலைகள் வேறு மாநிலமாம். அவற்றுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம்.

பெயர் கிட்சிபெர்க். கிட்சி என்றால் ஆட்டுக்குட்டி. பேரிலேயே அடக்கம். உயரம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர். அதையும் இவர் யோசிக்காமல் சொன்னார்.

கல்யாணம் கட்டி நாலாம் மாதம் இவர் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வெளிக்கிட்டார். அதன் பிறகு ஏழு வருடமும் சொச்சமும் கடிதம்தான். முக்கால்வாசியும் இந்த மலையைப் பற்றி. "ஒவ்வொரு ஞாயிறும் உச்சியில் நின்று உம்மை நினைக்கிறேன்" என்று எழுதுவார். இன்றைக்கு ஞாயிறு. நல்ல வெயில்.

"போவமோ?" என்றேன்.

"முழங்கால் நோகுது" என்றார்.

19 மார்ச், ஞாயிறு

முழங்கால் சுகம். இன்றைக்குப் பாதை ஈரமாம்.

26 மார்ச், ஞாயிறு

காற்றாம்.

2 ஏப்ரல், ஞாயிறு

வரதராசா அண்ணை திரிம்பாக்கிலிருந்து வந்தார். அகதி முகாமில் இவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தவர். சாப்பாட்டு நேரம் நான் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணை, நீங்களும் இவரோடை ஞாயிறு ஞாயிறு மலைக்குப் போறனீங்களோ?"

"மலைக்கோ? ஆர், குலேந்திரனோ?" வாயில் சோறு இருந்தது. புரையேறிவிட்டது. இவர் எழுந்து முதுகில் தட்டினார், தேவைக்குக் கொஞ்சம் கூடவே பலமாக. தண்ணீர் குடித்து முடித்ததும் அண்ணை என்னைப் பார்க்காமல், "கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கு, தங்கச்சி" என்றார்.

இன்று நான் கத்தரிக்காய் சமைக்கவேயில்லை.

9 மே, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்று டொய்ச் (ஜெர்மன்) வகுப்பில் வாசிப்புப் பயிற்சி. இந்த ஊரைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை ஆளுக்கொன்றாய்த் தந்தார்கள். ரயில் நிலையத்தில் சும்மா அடுக்கி வைத்திருப்பார்களே, மடித்த மெல்லிய புத்தகம், அதுதான். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். தெளிவான நாளில் உச்சியிலிருந்து ஏழு ஏரிகளை எண்ணலாம். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். வைகாசியில் புல்வெளியெங்கும் நீலப் பூக்கள் விரித்த பாய்போல் கிடக்கும். பாயை மட்டும் இவர் போட்டிருக்கிறார். அங்கே கம்பளம் என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கடிதக்கட்டை அவிழ்த்து வரிக்கு வரி பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. என் புருசன் எனக்கு எழுதிய காதல் கடிதமெல்லாம் சுற்றுலாக் கந்தோர் எழுதியது.

"இங்கே அமைதியைக் காதால் கேட்கலாம்." அதுவும் இருக்கிறது. எட்டாம் பக்கம், உணவு விடுதியின் படத்துக்குக் கீழே.

அந்த வரி எனக்கு வந்தது தொண்ணூறாம் ஆண்டு. சண்டையில் ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் முப்பது பேரோடு கிடந்தோம். செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்து தந்த கடிதம். வெளியே ஷெல் விழும்போது அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்தனான். இந்த மனிசன் எங்கையோ ஒரு அமைதிக்குள்ளை நிக்கிறார், அது போதும் எண்டு இருந்தனானே — அது விளம்பரமாமோ? விளம்பரம்!

10 மே, புதன்

இரவுச் சாப்பாட்டில் இவரைச் சோதித்தேன்.

"மலையிலை வைகாசிக்கு என்ன பூ பூக்கும்?"

"நீலப் பூ. பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும்."

"எத்தினை ஏரி தெரியும்?"

"ஏழு."

"நாயளைக் கட்டி வைச்சிருக்க வேணும், குழந்தை வண்டில் கொண்டு போகலாம் எண்டும் இருக்கு. அதை ஏன் எனக்கு எழுதேல்லை?"

கை சோற்றோடு அப்படியே நின்றது. நான் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது புதுசு. நான் வைச்சிருந்ததிலை அட்டை பச்சை" என்றார்.

கோபமாக இருக்கவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவும் அவரில்தான் கோபம்.

14 மே, ஞாயிறு

நாலு நாள் ஒருவரோடொருவர் உப்பு, சீனி அளவுக்குத்தான் கதைத்தோம். இன்று கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"என்னத்தை எழுதுறது? எட்டுப் பேர் ஒரு அறையிலை. விடிஞ்சால் பாத்திரம், பொழுதுபட்டால் பாத்திரம். நீர் அங்கை ஷெல்லுக்குள்ளை இருக்கேக்கை உதையோ எழுதுறது? எழுத இருந்தால் ஒண்டும் வராது. அந்தப் புத்தகம் கிடந்தது. அகராதியை வைச்சு ஒரு பக்கம் தமிழாக்க இரண்டு கிழமை எடுக்கும்."

"சரி. இப்ப ஏன் போகேலாது? பக்கத்திலைதானே கிடக்கு, மலை?"

துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். "உயரம் எண்டால் எனக்குப் பயம். கதிரையிலை ஏறி மின்குமிழ் மாத்தவும் மாட்டன்."

ஊரில் நாலு மாதம் இவரோடு வாழ்ந்தேன். இது தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாதோ.

3 ஜூன், சனி

இரண்டு விசயம்.

காலையில் கனடாவிலிருந்து என் அண்ணா சண்முகநாதன் போன் எடுத்தார். "இஞ்சை வா. இங்கிலிஷ்தான், உனக்கு ரைப்பிங்கும் தெரியும். உங்கை கிடந்து என்ன செய்யப் போறாய்? நான் கூப்பிடுறன்" என்றார். இவர் வேலையில். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இவரிடம் சொல்லவும் இல்லை.

பின்னேரம் இவர் வந்தார். இவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இருக்கிறா. மலை உச்சி விடுதியை நடத்துவது அவவின் மகள்தான், ஃபிறவ் புறுன்னர் (ஃபிறவ் என்றால் திருமதி). கோடை காலத்துக்கு அடுப்படிக்கு ஆள் தேடுகிறாவாம். செவ்வாய் தொடங்கி ஞாயிறுவரை மேலேயே தங்கவேண்டும். திங்கள் ஒரு நாள் வீடு.

"சொல்லாமல் விடப் பாத்தனான்" என்றார். "பிறகு, அதுவும் ஒரு பொய்தானே எண்டு சொல்லுறன்."

"போகட்டோ?"

"அது உம்மடை விருப்பம்."

அவர் மறிப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். மறிக்கவில்லை. ஆகவே போகிறேன்.

13 ஜூன், செவ்வாய்

கேபிள் காரில் ஏறினேன். நாலு பேர் இருக்கிற, முட்டை மாதிரி ஒரு கூண்டு. ஒன்பது நிமிடம். இவர் கீழ் நிலையம்வரை என் பெட்டியைத் தூக்கி வந்து, கம்பியை நிமிர்ந்து பார்த்து, என்னைவிட வெளிறிப்போய் நின்றார். கேபிள் கார்க்கார ஸெப் இவரைக் காட்டி, "அவருக்கு ஒரு கதிரை கொடுக்கவோ?" என்று என்னைக் கேட்டார்.

மேலே நல்ல தெளிவு. ஏரிகளை எண்ணினேன். ஐந்து. திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.

ஃபிறவ் புறுன்னரிடம் கேட்டேன். அறுபது வயது இருக்கும், மலையைவிடக் கம்பீரமான பெண். "ஆறாவது பக்கத்து ஊர் நீச்சல் குளம்" என்றா. "ஏழாவதை இந்த முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. என் புருசன் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு பார்ப்பார்."

28 ஜூன், புதன்

திங்களில் நான் வீட்டில் நிற்கிறேன், இவர் வேலையில் நிற்கிறார். நான் வந்ததற்கு அடையாளம் சமைத்த கறி. அவர் இருந்ததற்கு அடையாளம் கழுவின சட்டி. இப்படியும் ஒரு குடும்பம்.

இன்று அலுப்பில் இவருக்கு ஒரு கடிதம் எழுதி ஸெப்பிடம் கொடுத்துவிட்டேன். ஒரு விதி போட்டேன்: நடந்ததை மட்டும்தான் எழுதவேண்டும். "இன்று நூற்றுப்பத்துத் தட்டுக் கழுவினேன். ஒரு மாடு யன்னலால் தலையை விட்டுக் கோவா இலையைத் தின்றது. அமைதி ஒன்றும் கேட்கவில்லை. மாட்டு மணிதான் நாள் முழுக்க."

30 ஜூன், வெள்ளி

பதில் வந்தது. இரண்டு வரி. "இன்று கஞ்சியை அடிப்பிடிக்க விட்டேன். பெரிய சமையற்காரன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது."

ஏழு வருடக் கடிதங்களில் இதுதான் முதலாவது. நாலு தரம் வாசித்தேன்.

12 ஜூலை, புதன்

இப்போது கிழமைக்கு மூன்று, நாலு. ஸெப் தன்னைத் தபால்காரன் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். "ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்தானே நீங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டினார். தமிழருக்கு இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இன்றைய கடிதத்தில் இவர் பெரிய இரகசியம் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார். நித்திரையில் நறநறவென்று பல் நெருமுவாராம். கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். எனக்குத் தெரிந்தால் வெறுப்பேனோ என்று மறைத்தாராம்.

பதில் எழுதினேன்: "மாசியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மேலே வந்து முதல் கிழமை அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை."

எழுதி ஸெப்பிடம் கொடுத்த பிறகுதான், என்ன எழுதினேன் என்று விளங்கியது. முட்டை கீழே போய்விட்டது.

3 ஓகஸ்ட், வியாழன்

"தொண்ணூறாம் ஆண்டு நான்கு மாதம் உம்மிடமிருந்து கடிதம் வரவில்லை. நீர் செத்துவிட்டீர் என்று ஒரு பின்னேரம் முடிவு செய்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அதைத்தான் உமக்குச் சொல்ல வெட்கம்."

இதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு தாள் கிழித்தேன். பிறகு இன்னொன்று. கடைசியில், "நான் சாகவில்லை. இன்று அப்பிள் கேக்" என்று எழுதி ஒரு துண்டு கேக்கும் வைத்து அனுப்பினேன்.

19 ஓகஸ்ட், சனி

அண்ணா விடுதிக்கே போன் எடுத்துவிட்டார். இலக்கத்தை யார் கொடுத்ததோ. கடதாசிகள் தயாராம். ஒரு மாதத்துக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டுமாம். "அந்த மனிசனோடை நீ வாழ்ந்தது எத்தினை மாதம், சொல்லு பாப்பம்?" என்றார். எண்ணிப் பார்த்தால் விரல் மிஞ்சும்.

நடந்ததை மட்டும் எழுதவேண்டும் என்று விதி போட்டவள் நான். எழுதினேன். "அண்ணா கனடாவுக்குக் கூப்பிடுகிறார். ஜூனிலிருந்தே கூப்பிடுகிறார். உங்களுக்கு மறைத்தேன். போவதா இருப்பதா என்று எனக்கு இன்னும் தெரியாது." கடைசி முட்டையில் போனது.

21 ஓகஸ்ட், திங்கள்

நேற்று மத்தியானம் மேல் நிலையத்தில் இடி விழுந்தது. கேபிள் கார் நின்றுவிட்டது. ரெலிபோனும் செத்துப்போனது. வியாழன் வெள்ளிக்கு முன் திருத்த ஆள் வராதாம்.

நடந்து இறங்கலாம். சின்னப் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். ஆனால் நான் இறங்கவில்லை. பாதைக்குப் பயமில்லை. பதிலுக்குப் பயம்.

24 ஓகஸ்ட், வியாழன்

எப்படி எழுதுவது இதை!

மத்தியானம் ஒரு தாய் ஆறு வயதுப் பெட்டையோடு ஏறி வந்து சூப் கேட்டா. "கீழே கம்பி பிடித்து ஏறுகிற இடத்தில் ஒரு ஆள் இருக்கிறார், உங்கள் நாட்டவர் போல" என்றா. "உதவி வேண்டுமா என்று கேட்டோம். வேண்டாம், நான் மெதுவாக வருகிறேன், நீங்கள் போங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்."

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கம்பி இருக்கிற துண்டு மொத்தமே அறுபது அடி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. சரிவில் மாடு மேய்கிறது. இவர் நாலு காலில் வந்துகொண்டிருந்தார். முதியோர் இல்ல அடுப்படிச் சப்பாத்து. தோளில் குடை. ஒரு கையால் கம்பி, மறு கையால் புல்.

"குலேந்திரன்!" என்று கத்திவிட்டேன். இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

"கத்தாதையும்" என்றார். "மாடு பாக்குது."

புத்தகத்தில் இரண்டேகால் மணித்தியாலம் என்று போட்டிருக்கும் பாதை. இவருக்கு ஆறரை. காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டாராம். ஒரு கிழவியும் நாயும் இரண்டு தரம் முந்தினவையாம், ஏறும்போது ஒருக்கால், இறங்கி வந்து திரும்பவும் ஏறும்போது ஒருக்கால்.

விடுதி வாங்கிலில் இருத்தினேன். சட்டைப்பையிலிருந்து ஈரமான கடிதத்தை எடுத்துத் தந்தார். "வாயாலை சொல்ல வராது. எழுதிக் கொண்டு வந்தனான். ஸெப் கொண்டு போகேலாது எண்டிட்டார்."

சாமான் அறைக்குள் போய் நின்று வாசித்தேன்.

"போவதென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏழு வருடம் நான் வேலை செய்தேன், நீர் காத்திருந்தீர். காத்திருப்பதுதான் பெரிய பாடு. போனால் விலாசம் அனுப்பும். இருந்தால் —"

அதற்குப் பிறகு மூன்று வரி. கறுப்பாக, தாள் கிழியக் கிழிய வெட்டியிருந்தது.

வெளியே வந்தேன். ஃபிறவ் புறுன்னர் கேட்காமலே இவர் முன்னால் உருளைக்கிழங்குப் பொரியல் தட்டு ஒன்று வைத்திருந்தா. பாதி முடிந்திருந்தது.

"என்ன வெட்டினனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோ."

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதிப்போட்டு வாசிச்சுப் பாத்தன். எல்லாம் அந்தப் புத்தகத்திலை இருக்கிற மாதிரி இருந்திச்சு. அதுதான் வெட்டினனான்."

நான் அழுதேனாம். வெங்காயம் உரித்தது என்று ஃபிறவ் புறுன்னருக்குச் சொன்னேன். இன்று வெங்காயம் உரித்தது அவதான்.

27 ஓகஸ்ட், ஞாயிறு

ஏறத் தெரிந்த ஆளுக்கு இறங்கத் தெரியவில்லை. மூன்று நாளாக மேலேயே நிற்கிறார். ரெலிபோனும் வந்துவிட்டது, கேபிள் காரும் வெள்ளிக்கிழமையே ஓடத் தொடங்கிவிட்டது. "அதிலை ஏறுறதிலும் பார்க்க இஞ்சையே செத்துப்போவன்" என்கிறார். ஸெப் வந்து கதவைத் திறந்து காட்டி, மூடிக் காட்டி, ஒரு கன்றுக்குட்டியை ஏற்றி இறக்கியும் காட்டினார். கன்றுக்குட்டி வேறை, நான் வேறை என்றுவிட்டார்.

முதியோர் இல்லத்துக்கு ஃபிறவ் புறுன்னர் போன் பண்ணி, "உங்கள் ஆள் மலையில் மாட்டிக்கொண்டார், கால் கை பத்திரம்" என்று சொன்னா. உருளைக்கிழங்கு உரிக்க விட்டிருக்கிறா. நேற்று ஒரு பருப்புக்கறி வைத்தார். அவ ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுச் சட்டியோடு தன் மேசைக்குக் கொண்டு போய்விட்டா.

நாளைக்கு நான் இவரை நடத்திக் கூட்டிப் போகவேண்டும். இவர் முகம் பாறைப் பக்கம், என் கை இவர் இடுப்புப் பட்டியில். அப்படித்தான் திட்டம்.

10 செப்ரெம்பர், ஞாயிறு

அண்ணாவுக்கு இல்லை என்று சொன்னேன். "அப்பிடி என்னத்தைக் கண்டனி அவனிலை?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பதில் நீளமாக வந்தது. வெளிநாட்டு அழைப்பு, அவருக்குக் காசு ஓடும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

14 ஒக்ரோபர் 1996, திங்கள்

ஒரு வருடத்துக்கு மேல் இந்தக் கொப்பியைத் தொடவில்லை. எழுதவேண்டியதை எல்லாம் ஆளிடமே சொல்லிவிடுவதால் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

இன்று விசாப் புதுப்பிக்க இருவரும் ஊர் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தை இவர்தான் நிரப்பினார். தொழில்: சமையல். விலாசம் என்ற இடத்தில் விடுதியின் பெயரையும், அதற்குக் கீழே கிட்சிபெர்க் என்றும் கொட்டை எழுத்தில் எழுதினார். அங்கே இருந்த இளம் பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தா.

"மேலேயா குடியிருக்கிறீர்கள்? குளிர்காலத்திலுமா?"

"ஓம், இனிக் குளிர்காலத்திலும்தான். சித்திரையிலிருந்து இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை" என்றேன் நான்.

"கேபிள் காரில் போய்வருவது சுகம்தான்."

இவர் பேனையை மூடி வைத்தார். "அவ கேபிள் காரில் போவா" என்றார், நல்ல டொய்ச்சில், நெஞ்சை நிமிர்த்தி. "நான் நடை."

நான் ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்துவிட்டேன். சாமான்களை அடுக்கி, உலை வைத்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர் கீழிருந்து நடக்கத் தொடங்கி இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகிறது. கம்பி இருக்கிற துண்டில் இப்போதும் பாறையைப் பார்த்துக்கொண்டுதான் வருவார். கூப்பிட்டால் கோபம் வரும். கூப்பிடுவதில்லை.

வாசலில் சப்பாத்துச் சத்தம். அரிசியை இன்னும் கழுவவில்லை.